இரண்டு பேருக்கு எட்டுப் பானை

பகலில் கதவையும் யன்னலையும் அடைத்து வைத்து, பொழுதுபட்ட பிறகு திறந்துவிட்டால் வீடு குளிர்ந்து கிடக்கும் என்று இப்போது கைத்தொலைபேசியில் படத்தோடு விளக்கம் வருகிறது. என் மகளும் எனக்கு அனுப்பியிருந்தாள். உங்களில் பலருக்கும் வந்திருக்கும். நான் அதை முழுதாகப் பார்க்கவில்லை. எங்கள் வாய்க்கால் வரிசையில் இதையே செய்த ஒரு வீட்டுக்குப் பொலிஸ் வந்ததைக் கண்ணால் கண்டவள் நான்.

என் வயதுக்காரருக்கு அந்தக் காலத்துக் குடியேற்றத் திட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளத்துக்குக் கீழே வாய்க்கால், வாய்க்காலோரம் ஒரே அளவான காணிகள், ஒவ்வொரு காணியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வீடு. எங்கள் வரிசையில் எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வன்னிக்கு வயல் செய்ய வந்தவர்கள். விடியக் கதவைத் திறந்தால் படுக்கப் போகும்போதுதான் சாத்துவோம். நடுப்பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்திக் கிடந்தால் அங்கே சண்டை, இல்லாவிட்டால் சாவு. வெக்கை எல்லா வீட்டுக்குள்ளும் உரிமையோடு வந்து போனது. வேர்த்துக்கொண்டே சாப்பிட்டோம், வேர்த்துக்கொண்டே பாடம் எழுதினோம். மத்தியானத்தில் வேம்புக்குக் கீழே ஒரு பாய், கையில் ஓலை விசிறி. குளிர்ச்சிக்கு எங்களிடம் இருந்த ஏற்பாடு அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருடம் குளத்தில் தண்ணீர் போதாது என்று கோடை நெல்லான சிறுபோகம் விதைக்கவில்லை. கச்சான் காற்று பகல் முழுதும் வயலின் வெறும் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் கொட்டியது. ஆண்களுக்கு வேலை இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடையிலும் சாமான் வரத்து இல்லை. அதனால் கடை மனேச்சர் பத்து மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வேம்புக்குக் கீழே வந்து அப்பாவோடு இருந்துவிடுவார். இருவரும் கதைப்பதற்கு அந்தக் கோடையில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. எங்களுக்கு மூன்று காணி தள்ளி இருந்த அடைத்த வீடு.

அந்த வீட்டைக் கட்டியவர் காணியை விட்டு ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். எங்கள் வீடுகளெல்லாம் தென்னோலைக் கிடுகு வேய்ந்தவை. அவர் மட்டும் வசதி காட்டித் தகரம் போட்டிருந்தார். அந்தத் தகரம் காலை பத்து மணிக்கே டக், டக் என்று சத்தம் போடத் தொடங்கும். மாரி முடிய அங்கே ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீடு எரிந்து, மலைநாட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள். கணவனுக்குச் சந்திக்குப் பக்கத்து அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. அவரை ஆலைக்காரர் என்றார்கள். மனைவிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஆலைக்காரர் பெண்சாதி என்றார்கள். அவர்களின் பெயரை எங்கள் வரிசையில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியதும் அந்த வீடு அடைபட்டது. ஆலைக்காரர் விடிய ஆறு மணிக்குச் சைக்கிளில் போவார். எட்டு மணிக்கு முன் அவர் மனைவி எல்லா யன்னலையும் சாத்தி, வெளிப்பக்கம் சணல் சாக்கைத் தொங்கவிட்டு அதில் தண்ணீர் ஊற்றுவார். பிறகு கதவும் சாத்தப்படும். பொழுது மங்கிய பிறகுதான் எல்லாம் திறக்கும். ஆலைக்காரர் வரும்போது சைக்கிள் கரியரில் இரண்டு மூட்டை உமி கட்டியிருக்கும். வாரத்தில் நாலைந்து நாள் உமி. அந்த உமி வீட்டுக்குள் போகும், வெளியே வராது.

"உமி என்னத்துக்கு?" என்று மனேச்சர் கேட்டார். "மாடு இல்லை, கோழி இல்லை. அடுப்பு எரிக்கத்தான். பகல் முழுக்க அடுப்பு எரியிற வேலை என்ன வேலை, அண்ணை?"

"புகை வரேல்லையே" என்றார் அப்பா.

"அதுக்குத்தானே அடைச்சு வைச்சிருக்கினம்."

"மணமும் இல்லை."

"நான் சொல்லுறது அதைத்தான். அடைச்சு வைச்சால் மணமும் வராது."

இப்படித்தான் கதை வளர்ந்தது. இல்லாத புகையும் இல்லாத மணமுமே சாட்சியாகின. கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், வடிக்கிறார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்த வேலை" என்றார்கள்.

அம்மா வேம்புக்குக் கீழே வருவதில்லை. குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார், எங்கள் சின்ன மாமா. முந்திய வருடம் யாரோ காட்டுக்குள் வடித்த கசிப்பைக் குடித்து, முதலில் கண் தெரியாமல் போய், மூன்றாம் நாள் ஆளும் போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பா வெளியே போய் வந்தால் அம்மா தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கிற சாட்டில் கிட்டப் போய் அவர் மூச்சை மணந்து பார்ப்பார். அப்பா அதைக் கண்டும் காணாதவர் போல வாயை அகலத் திறந்து தண்ணீர் குடிப்பார்.

ஒருநாள் அப்பா அந்த வீட்டுக்கு நேரே போய்க் கதவைத் தட்டினார். "வீட்டுக்காரர் நிக்கிறாரோ?" என்று கேட்டிருக்கிறார்.

"அவரு வேலைக்குப் போயிருக்காருங்க. பொழுதுபட வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததாம். கதவு திறக்கவில்லை.

அப்பா அதை ஒரு அவமதிப்பாக எடுத்துக்கொண்டு வந்தார். "நான் என்ன கள்ளனோ? முகத்தைக் காட்டிக் கதைக்கேலாதோ?" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போனது அதற்கு அடுத்த கிழமை. பள்ளிக்கூட விடுமுறை. மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை. பாதை மணல் கொதித்தது. நிழல் நிழலாகப் பாய்ந்து வந்த எனக்கு அந்த வீட்டின் பின்பக்கத்தில் ஒரு பச்சை தெரிந்தது. ஈரச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி யன்னலுக்குக் கீழே ஒரு பாயளவுக்குப் புல் முளைத்திருந்தது. அந்தக் கோடையில் எங்கள் வரிசையில் வேறெங்கும் புல் இல்லை. போய் அதில் நின்றேன். கால் ஆறுகிற சுகத்தில் கண்ணை மூடிவிட்டேன் போல.

குசினிப் பக்கக் கதவு ஒரு சாண் திறந்தது.

"கால் சுடுதா, பாப்பா? உள்ள வா. கொஞ்சம் நின்னுட்டுப் போ."

உள்ளே முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உடம்புதான் முதலில் அறிந்தது. வெளியே எரிந்த அந்தப் பகல் அங்கே இல்லை. ஈர மணலும் சணலும் கலந்த ஒரு மணம். கண் பழகியதும் மேலே பார்த்தேன். தகரத்துக்குக் கீழே காட்டுத் தடிகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் உமி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். தகரத்தின் சூடு கீழே இறங்காமல் அந்த மூட்டைகள் தாங்கிக்கொண்டன. சுவரோரம் மணல் கொட்டி, அதில் பானைகள் அரைவாசி புதைத்து, வாய்க்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஒன்றிலிருந்து ஒரு பேணி நிறைய மொண்டு தந்தார். பல் கூசும் குளிர்.

"யாரு அண்ணி?" என்று சேலைத் திரைக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஆலைக்காரர் பெண்சாதி பதில் சொல்வதற்குள் திரை விலகியது. பதினாறு பதினேழு வயதுப் பெண். ஆலைக்காரரின் தங்கச்சி. அப்படி ஒருத்தி அங்கே இருப்பது எங்கள் வரிசையில் யாருக்கும் தெரியாது. ஒரு பக்கக் கழுத்தும் தோளும் வலது கையும் நெருப்பில் வெந்து ஆறியிருந்தன. தோல் இழுபட்டு, மினுங்கி, மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன. நான் பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாத" என்றாள். "வலிக்கல. எனக்கு வேர்க்காது, அவ்வளவுதான்."

அவள் கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். வேர்க்காத உடம்பு எவ்வளவு நல்லது. அவளே சிரித்துக்கொண்டு விளங்கப்படுத்தினாள். வெளியே தெரிந்ததோடு முதுகும் வயிறும்கூட வெந்திருந்ததாம், வெந்த தோலில் வேர்வை வராதாம். சூடு உள்ளேயே நின்றுவிடுமாம். கொஞ்சம் கூடினால் தலை சுற்றும், பிறகு விழுந்துவிடுவாள். வன்னிக்கு வந்த முதல் மாதத்திலேயே இரண்டு தரம் விழுந்திருக்கிறாள். குளிர்நாட்டில் பிறந்து வளர்ந்த மூன்று பேர், ஒருத்தியை உயிரோடு வைத்திருப்பதற்காக அந்தத் தகர வீட்டைக் குளிராக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று புறப்படும்போது அவள்தான் கேட்டாள். "நான் இங்க இருக்கறத யார்கிட்டயும் சொல்லிப்புடாத, பாப்பா. முன்ன இருந்த எடத்துல சொந்தக்காரங்க வீட்டுக்குப் பாக்கறதுக்குன்னே ஆளுங்க வந்தாங்க. வரிசையா நின்னாங்க."

சத்தியம் செய்தேன். சாமி மேல் செய்தேன்.

பிறகு ஐந்தாறு தரம் போயிருப்பேன். நாங்கள் கொக்கான் வெட்டினோம். அவள் இடக்கையால் கல்லை எறிந்து பிடிப்பாள். ஒருநாள்கூட என்னால் அவளை வெல்ல முடியவில்லை. தேயிலை மலையில் விடியற்காலை மூச்சு விட்டால் புகை போல வரும் என்றாள். நான் நம்பவில்லை. அவளுடைய அண்ணியைக் கேட்டேன். "ஆமா, வரும்" என்றார் அவர், பானைக்கு மணலில் தண்ணீர் தெளித்தபடி.

அம்மாவை நான் ஏமாற்றலாம் என்று நினைத்தது என் தவறு. ஒரு மத்தியானம் வீட்டுக்குள் வந்தவளைப் பிடித்து நிறுத்திக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஊரே வேர்த்துக் கொட்டுகிற நேரம்.

"எங்க போனனீ?"

"கடைப் பக்கம்."

"கடைப் பக்கம் போய் வந்த கழுத்தோ இது? குளிர்ந்து கிடக்கு. உண்மையைச் சொல்லு."

அடி விழும் என்று தெரிந்ததும் சொல்லத் தொடங்கினேன். ஆலைக்காரர் வீட்டுக்குப் போனது, தண்ணீர் குடித்தது, மேலே உமி மூட்டை, கீழே மணலில் புதைத்த பானை, அதற்கு வெள்ளைத் துணி. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் இறுகியது.

"பானையள் எத்தினை?"

"எட்டு."

"எண்ணிப் பாத்தனியே?"

"ஓம்."

"உள்ளுக்கு ஆர் ஆர் இருக்கினம்?"

"அந்த அக்கா மட்டும்தான்."

"வேற?"

"வேற ஒருத்தரும் இல்லை."

அம்மா என் கையை விட்டார். "ரெண்டு பேருக்கு எட்டுப் பானையோ" என்றார். என்னிடம் கேட்கவில்லை. தனக்குத்தானே சொன்னார்.

அந்தப் பக்கம் இனிப் போனால் கால் முறியும் என்றார். அடிக்கவில்லை. அடிக்காதது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சத்தியத்தையும் காப்பாற்றிவிட்டேன், அடியிலிருந்தும் தப்பிவிட்டேன் என்று அன்று நிம்மதியாக இருந்தேன்.

பத்து நாள் போயிருக்கும். நடுப்பகலில் ஒரு ஜீப் வந்தது. சார்ஜன்ட் ஒருவரும் இரண்டு பொலிஸ்காரரும் இறங்கினார்கள். பெயர் போடாத பெட்டிசம் ஒன்று வந்திருக்கிறது, கசிப்பு வடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது என மனேச்சரிடம் சொல்லி வழி கேட்டார்களாம். வரிசை முழுதும் பின்னால் போனது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி போனார்.

ஆலைக்காரர் பெண்சாதி கதவைத் திறந்து, திறந்த இடத்திலேயே கையை விரித்து நின்றார். "ஐயா, உள்ள ஆளு இருக்கு. ஒரு நிமிசம் பொறுங்க. அவள மூடிக்கிறேன். அப்புறம் நீங்க என்னா வேணும்னாலும் பாருங்க."

"எதை மூடப் போறாய்?" என்று சார்ஜன்ட் கேட்டார். வாசலில் நின்ற பெண்ணைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.

முதலில் சாக்குகளை இழுத்து எறிந்தார்கள். யன்னல்களைத் தள்ளித் திறந்தார்கள். ஒன்று பிணைச்சலோடு கழன்று விழுந்தது. பிறகு தடியால் மேலே குத்தினார்கள். மூட்டை கிழிந்து உமி கொட்டியது. அதற்குப் பிறகு பானைகள் உடைகிற சத்தம். நான் எண்ணினேன். எட்டு. தண்ணீர் வாசலால் ஓடி முற்றத்துக்கு வந்தது. நாய்கள் ஓடி வந்து குடித்தன. மனேச்சர் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"தண்ணிதான்" என்றார்.

அதே நேரம் உள்ளே சேலைத் திரையை விலக்கிய பொலிஸ்காரர் பின்னுக்கு நடந்து வந்தார். திறந்த யன்னலால் வெயில் நேரே உள்ளே விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் சுவரோடு ஒட்டி நின்றாள், உடம்பெல்லாம் உமி. முகத்தை மறைக்கக் கையை உயர்த்தினாள். உயர்த்தியது வெந்த கையை. வரிசை முழுதும் பார்த்தது. ஒருவரும் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

அவள் கூட்டத்தில் என்னைக் கண்டாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொன்னால் பொய். யாரோ புதிய ஆளைப் பார்ப்பது போல, எந்த அசைவும் இல்லாமல் பார்த்தாள். நான் சொல்லவில்லை, நீ இருப்பதை மட்டும் நான் சொல்லவே இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. அம்மாவின் பிடி இறுகியிருந்தது.

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பின்னேரம் அவள் விழுந்துவிட்டாள். அப்பா உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெட்டியில் ஈரச் சேலையை விரித்து அவளை மடியில் கிடத்திக்கொண்டு அண்ணி இருந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நாளில் திரும்பி வந்தாள். அதற்கிடையில் ஆலைக்காரர் தனியாக யன்னலைப் பொருத்தி, புதுச் சாக்குத் தொங்கவிட்டிருந்தார். உதவி செய்கிறோம் என்று போன இரண்டு பேரை, "வேணாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லையாம்.

அம்மா இரண்டு புதுப் பானை வாங்கி அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். மறுநாள் விடிய அவை எங்கள் படலைக்கு வெளியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. தடையை மீறிப் போய் அந்தக் குசினிக் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான், அக்கா."

உள்ளே யாரோ மெதுவாகக் கதைப்பது கேட்டது. பிறகு அண்ணியின் குரல் கதவுக்கு மிகக் கிட்ட வந்தது.

"வீட்டுக்குப் போ, பாப்பா. கதவத் தெறந்தா வெயில் உள்ள வந்துரும்."

நான் அந்தப் புல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மாரிக்கு முன், காலபோகத்துக்கு உழவு தொடங்கிய கிழமை, அவர்கள் போய்விட்டார்கள். வவுனியாப் பக்கம் என்று ஆலையில் சொன்னார்களாம். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

பெட்டிசம் எழுதியது யார் என்ற கேள்வி மட்டும் எங்கள் வரிசையில் தங்கிவிட்டது. மனேச்சர் அப்பாவைச் சந்தேகித்தார். கதவு திறக்காத கோபம் அப்பாவுக்குத்தானே. அப்பா மனேச்சரைச் சந்தேகித்தார். உமிக்கணக்கு முழுதும் மனேச்சருடையதுதானே. இருவரும் வேம்புக்குக் கீழே சந்திப்பது நின்றது. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போனால், வாசலில் நின்று தலையைக் காட்டிவிட்டு வருவதோடு சரி. நான் அப்பாவைத்தான் நினைத்தேன். யாரும் கேட்காமலே ஒருநாள் சாப்பாட்டில் இருந்தபடி, "அது ஆர் எழுதினது எண்டு எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது. அவர் சாகும்வரை அந்த நினைப்பை நான் மாற்றவில்லை.

யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது எங்களுக்கும் தகரக் கொட்டில்தான் கிடைத்தது. நீங்களும் அதற்குள் இருந்திருப்பீர்கள், அந்த மத்தியானங்களை விவரிக்க வேண்டாம். அம்மா அப்போது படுத்த படுக்கை. ஒரு பகல் நான் மட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

"அந்தப் பெட்டிசம் நான் எழுதினது."

எந்தப் பெட்டிசம் என்று நான் கேட்கவில்லை.

"எழுத்து தெரியக் கூடாதெண்டு இடக்கையால எழுதினனான். உன்ர அப்பாவுக்குத் தெரியாது. பாவம், எல்லாரும் அந்த மனிசனைத்தான் நினைச்சவை."

நான் விசிறிக்கொண்டே இருந்தேன்.

"தம்பியின்ர நினைவிலதான் எழுதினனான். உன்னைக் கேட்டுப்போட்டுத்தானே எழுதினனான். உள்ளுக்கு வேற ஒருத்தரும் இல்லை எண்டு நீ சொன்னனீ. ஒரு நோயாளிப் பிள்ளை கிடக்குதெண்டு தெரிஞ்சிருந்தால் நான் பேனையைத் தொட்டிருக்க மாட்டன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அன்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோது இருந்த அதே பார்வை. வயதும் நோயும் அதில் எதையும் குறைத்திருக்கவில்லை.

"உனக்கும் தெரியாதுதானே?"

"தெரியாது அம்மா" என்றேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அந்த மாதமே போய்விட்டார்.